வால்பாறைக்குப் புறப்படுமுன்



கோடை விடுமுறை நெருங்குகிறது. நம் சபையில் பல குடும்பங்கள் சனி, ஞாயிறு இரு நாட்களும் வால்பாறைக்குச் சென்றுவர ஆயத்தமாவதை அறிவேன். ஞாயிறு ஆராதனையை விட்டு மலைக்குப் போகலாமா என்று சிலர் தயக்கத்தோடு கேட்டீர்கள். போகலாம் என்பதே என் பதில். சிங்காநல்லூரில் மில் ஷிப்டும் ஓவர்டைமுமாக வாரத்தைக் கழிக்கிறவர்கள், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஒரு பகல் சும்மா உட்கார்ந்திருப்பது ஆடம்பரம் அன்று. உண்ணவும் நேரமின்றிக் களைத்துப்போன சீஷர்களைத் தனிமையான இடத்திற்கு அழைத்துச் சென்றவர் நம் ஆண்டவரே (மாற்கு 6:31).

ஆயினும் சென்ற ஆண்டு நான் கண்ட ஒன்றை எழுதாமல் இருக்க இயலவில்லை.

மூன்று குடும்பங்களோடு நானும் வால்பாறை சென்றிருந்தேன். எஸ்டேட் ஒன்றின் அருகே ஒரு வீட்டில் தங்கினோம். ஞாயிறு காலை பனி விலகாத நேரத்தில், திண்ணையில் அனைவரையும் அமர்த்தி 121ஆம் சங்கீதத்தைத் தியானித்தோம். மலைகளைப் பார்த்துக்கொண்டே அச்சங்கீதத்தைப் பேசுவது எவ்வளவு பொருத்தம் என்று எனக்குள் ஒரு திருப்தி. தியானம் முடிந்து பின்கட்டுக்குச் சென்றபோது, எங்களுக்காகச் சமைத்த அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். எந்த ஆலயத்திற்குப் போவீர்கள் என்று கேட்டேன். "எஸ்டேட் கோயில்தான் ஐயா. ஆனா நீங்கள்லாம் வந்தா ஞாயித்துக்கிழமை எனக்குக் கோயில் இல்லை" என்றார். குறையாகச் சொல்லவில்லை, மழை வந்தால் துணி காயாது என்பதுபோலச் சொன்னார்.

வெளியே வந்தால், எங்கள் ஓட்டுநர் வேனின் பின் இருக்கையில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். அந்தக் குளிரில் இரவு முழுவதும் அங்கேதான். அவருக்கு ஓர் அறை கேட்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. போதகனாகிய எனக்கும் தோன்றவில்லை.

ஓய்வுநாள் கட்டளையை நாம் 'எனக்கு ஓய்வு' என்று வாசித்துப் பழகிவிட்டோம். யாத்திராகமம் 20ஐ மறுபடியும் திறந்து பாருங்கள். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலுக்குள் தங்கும் அந்நியன் என்று நீளமான பட்டியல் அங்கே உள்ளது. (மனைவி ஏன் அதில் இல்லை என்று ஒரு சகோதரி கேட்டார். 'நீ' என்பதற்குள் அவளும் அடக்கம் என்றேன். முழுதும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.) உபாகமம் 5 இன்னும் ஒரு படி மேலே சென்று, எகிப்தில் நீங்களும் அடிமைகளாயிருந்தீர்களே என்று நினைப்பூட்டுகிறது.

அந்த மலைக்கு இது புதிய செய்தி அன்று. நாம் படமெடுத்துக்கொள்ளும் பச்சைச் சரிவுகளைக் காட்டை வெட்டி உண்டாக்கியவர்கள், ஆங்கிலேயர் காலத்தில் முன்பணம் கொடுத்துச் சமவெளியிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஏழைகள். மலேரியாவிலும் கடனிலும் அங்கேயே மாண்டவர் பலர். அங்கே மருத்துவராகப் பணிசெய்த பி. எச். டேனியல் அதை 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்ற நாவலாக எழுதினார்; தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வெளிவந்தது. 'பரதேசி' திரைப்படம் அந்நாவலைத் தழுவியதே. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வுக்கு வழிசெய்தது. அந்த ஒரு நாள், அவர்கள் மகளுக்கு நம் சுற்றுலாவினால் போய்விடுகிறது.

"நாம் போனால்தானே ஐயா அவர்களுக்குப் பிழைப்பு?" என்பீர்கள். மெய்தான். ஆகவேதான் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கூலி கொடுத்துவிட்டோம் என்பதோடு நம் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணுவதைத்தான் மறுக்கிறேன். 2025 நவம்பர் முதல் வால்பாறைக்குப் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். வண்டி கணக்கில் வருகிறது. அதை ஓட்டுகிறவர் கடந்த இரவு தூங்கினாரா என்பதை நாம்தான் கேட்க வேண்டும். முகூர்த்த நாட்களில் தொடர்ந்து ஓட்டிய களைப்போடு அந்த 40 வளைவுகளில் அவர் நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறார்.

அடுத்த மாதம் நம் வாலிபர் ஐக்கியம் அதே வீட்டிற்குச் செல்கிறது. நான்கு அறைகளில் ஒன்று ஓட்டுநருக்கு. அதற்குரிய தொகையும் சேர்த்தே தலைக்கு வசூலிக்கப்படும். விடியற்காலை இரண்டு மணிக்குப் புறப்படும் வழக்கம் இம்முறை இல்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆலய வாசலில் கூடுங்கள். ஞாயிறு காலை உணவு ரொட்டியும் பூவன்பழமும்தான், தேநீரை வாலிபர்களே போடுவார்கள். பிறகு அந்த அம்மாவோடு எஸ்டேட் கோயிலுக்கு எல்லோரும் நடந்து போகிறோம். வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன், அந்த நேரத்திற்கு அவருடைய கூலியில் பிடித்தம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.