நாபோத்தின் தோட்டமும் நாகரஹொளே காடும்

விவிலியத்தில் அரசர்கள் முதல் நூலில் நாபோத்து என்பவரின் வரலாறு வருகிறது. அரண்மனையை அடுத்திருந்த அவருடைய திராட்சைத் தோட்டத்தின்மீது ஆகாபு மன்னன் ஆசை கொண்டான். வேறு தோட்டமோ பணமோ ஈடாகத் தருவதாகவும் கூறினான். முன்னோர் விட்டுச் சென்ற நிலத்தைக் கொடுக்க நாபோத்து இசையவில்லை. முடிவில் பொய்ச்சாட்சியால் அவர் கொல்லப்பட்டார்; தோட்டம் மன்னனின் கைக்குப் போயிற்று. இத்தகைய அநீதி அக்காலத்தோடு ஒழிந்துவிட்டதா? இல்லை என்பதே வருந்தத்தக்க உண்மை.

கர்நாடகத்தில் குடகு, மைசூரு மாவட்டங்களில் பரந்துள்ளது நாகரஹொளே காடு. ஜேனு குருபர், பெட்ட குருபர், எரவர் முதலிய பழங்குடியினர் தேனெடுத்தும், கிழங்கு அகழ்ந்தும், சிறு நிலங்களில் பயிரிட்டும் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். வனவிலங்குகளைக் காப்பதற்காக என்று கூறி, 1970-களிலும் 1980-களிலும் அவர்களில் பல குடும்பங்களை வெளியேற்றினார்கள். நிலமிழந்த பலர் குடகின் காப்பித் தோட்டங்களில் கூலிகளாயினர்.

பின்பு நடந்ததுதான் வியப்பு. 1990-களில் அதே காட்டினுள் சுற்றுலா விடுதி நடத்த, தாஜ் ஓட்டல் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றுக்கு மாநில அரசு குத்தகை அளித்தது. ஏழையின் குடிசை புலிக்கு இடைஞ்சல் என்றால், செல்வரின் விடுதி மட்டும் இடைஞ்சல் ஆகாதா? பழங்குடியினர் 1996-ல் திரண்டு எதிர்த்தனர், வழக்கும் தொடுத்தனர். 1997 ஜனவரியில் கர்நாடக உயர்நீதிமன்றம் அக்குத்தகை சட்டத்திற்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. விடுதி திறக்கப்படவேயில்லை. ஆயினும் வெளியேற்றப்பட்டவர்களின் துயரம் தீரவில்லை. 2025 மே மாதத்திலும் ஜேனு குருபர் குடும்பங்கள் சில காட்டிலுள்ள தங்கள் பழைய ஊருக்குத் திரும்பி வந்து உரிமை கேட்டன.

நம் தமிழகத்திலும் முதுமலையை அடுத்த மசினகுடிப் பகுதியில், யானைகள் செல்லும் வழியில் விடுதிகள் பெருகின. உச்சநீதிமன்ற ஆணைப்படி 2018 ஆகஸ்டில் பல விடுதிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. அந்த யானை வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் அந்நீதிமன்றமே உறுதி செய்தது.

சுற்றுலாவினால் வேலைவாய்ப்பு வருமே என்று சிலர் கேட்கலாம். வேலை வரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நேற்றுவரை தன் நிலத்தில் விதைத்தவர், இன்று அதே நிலத்தில் காவற்காரராகவோ பாத்திரம் துலக்குபவராகவோ நிற்பதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கு நல்ல வழி வகுத்துள்ளது. வனவிலங்கு வாழிடத்திலிருந்து மக்களை இடம்பெயர்க்க வேண்டுமானால் கிராமசபையின் ஒப்புதல் வேண்டும். அவ்வாறு மக்கள் விட்டுச் சென்ற இடத்தைப் பிறகு வேறெந்தப் பயனுக்கும் கொடுக்கக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. புலிக்காக மக்கள் ஒதுங்கினால், அந்த இடம் புலிக்கே உரியது, விடுதிக்கு அன்று. இந்த விதி ஏட்டளவில் நின்றுவிடாமல் எங்கும் நடைமுறைக்கு வரவேண்டும் என்பதே என் கருத்து.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தி அன்று. நம் கண்ணெதிரே நிற்கும் சேர்வராயன் மலை, மலையாளி பழங்குடி மக்களின் தாயகம். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் அங்கே காப்பிப் பயிரைக் கொண்டு வந்தார். அதன்பின் தோட்டங்கள் பெருகின. இன்று விடுதிகளும் பெருகி வருகின்றன. ஏற்காட்டிற்கு இன்பச் சுற்றுலா செல்லும் நாம் ஏரியையும் பூங்காவையும் மட்டும் பார்த்துத் திரும்புகிறோம். அம்மலையில் உழுது வாழ்பவர்களைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறோமா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' திருமடலில், பழங்குடியினருக்கு நிலம் விற்பனைப் பொருளன்று, இறைவன் தந்த கொடை என்று எடுத்துரைத்தார். நாபோத்தின் பொருட்டு மன்னனிடம் நியாயம் கேட்க இறைவன் எலியாவை அனுப்பினார். அன்புத் தோழியரே, நம் காலத்து நாபோத்துகளுக்காக நியாயம் கேட்க நாமும் முன்வருவோமாக!