காவலாளி விட்டுப்போன துப்பாக்கி

பென்னலூரில் நின்று பெங்களூர் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை ஆலைகள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமியில் இன்று கார் விளைகிறது. ஆலை வந்தால் பாங்கி வரும். பாங்கி வந்தால் பணம் ஏற்றும் வண்டி வரும். வண்டி வந்தால் அதன் கதவருகே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் வந்து நிற்பார்.

அவர் யார்? பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர், அல்லது பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கி, நிலம் போன பிறகு அதையே பிழைப்பாக்கிக் கொண்டவர். "சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் உள்ளவர் தேவை" என்று காவல் கம்பெனிகள் ஆள் எடுப்பது நாடெங்கும் உள்ள வழக்கம். நெசவாலைத் தொழிலாளியிடம் "தறியை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வா" என்று எந்த முதலாளியாவது சொல்வானா? காவலாளியிடம் சொல்கிறான்! கடன் வாங்கித் துப்பாக்கி வாங்குவது தொழிலாளி. அந்தத் துப்பாக்கி காப்பது இன்னொருவன் பணத்தை.

சரி, அந்த மனிதர் கண்ணை மூடினால் துப்பாக்கி என்ன ஆகும்?

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காரியம் முடிகிறது, துப்பாக்கி பழைய போர்வையில் சுற்றப்பட்டுப் பரண் மேல் ஏறுகிறது. "அவர் ஞாபகமாக இருக்கட்டும்" என்கிறாள் மனைவி. தாலிச் சரடு போல, பித்தளைக் குடம் போல, இதுவும் குடும்பச் சொத்து என்று நினைக்கிறாள். சட்டம் அப்படி நினைக்கவில்லை, தோழர்களே. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுத்தது, வீட்டுக்குக் கொடுத்ததல்ல. அவர் போனவுடன் அந்த வீட்டில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரை சிறை. ஒரு குற்றமும் அறியாத விதவையின் தலைக்கு மேல், பரணிலே, இந்தத் தண்டனை தொங்குகிறது.

இந்த நேரத்தில்தான் தரகன் வருகிறான். "என்னம்மா, துருப்பிடித்த இரும்பு. போலீசுக்குத் தெரிந்தால் வம்பு. நான் எடுத்துக்கொள்கிறேன், இந்தா இரண்டாயிரம்." அவள் கொடுத்துவிடுகிறாள். தரகனுக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாத விஷயங்கள் இரண்டு. முதலாவது விலை. தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வதை 1980களிலேயே சர்க்கார் ஏறத்தாழ நிறுத்திவிட்டது. அதனால் குழலின் மேல் பழைய ஆங்கிலக் கம்பெனியின் பெயர் பொறித்த இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு, அது நல்ல நிலையில் இருந்தால், கிராக்கி அதிகம். உள்நாட்டு ஒற்றைக் குழலுக்கு அவ்வளவு வராது; வந்தாலும் அது இரும்புக்கடை விலை அல்ல.

இரண்டாவது விஷயம் இன்னும் பயங்கரமானது. வைத்திருந்ததற்குத்தான் இரண்டு முதல் ஐந்து வருஷம். சட்டத்தை மீறி விற்றால் ஏழு வருஷத்துக்குக் குறையாது. ஆயுள் தண்டனை வரை போகும். அந்தத் துப்பாக்கியில் யாராவது செத்தால் நம்பரை வைத்துப் போலீஸ் வந்து நிற்கும் வாசல் எது? தரகன் வாசலா?

ஆகவே வழி என்னவென்று தெளிவாகச் சொல்லிவிடுவோம். துப்பாக்கியைச் சட்டப்படி விற்க முடியும். அந்தப் பணம் குடும்பத்துக்கே சேரும். சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வது இதுதான்: வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் போனாலும், தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் சொத்து போய்விடாது. விதியில் சொன்ன கெடுவுக்குள், லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு அதை விற்க வாரிசுக்கு உரிமை உண்டு. கெடுவைத் தவறவிட்டால்தான் கலெக்டர் உத்தரவால் பறிமுதல். ஆகவே ஒப்படைக்கும்போதே கெடு எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

துப்பாக்கியைத் துணியில் சுற்றி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு கடை கடையாய் அலையக்கூடாது. வழியில் சோதனை போட்டால் எந்த லைசென்சைக் காட்டுவீர்கள்? முதலில் ஸ்டேஷனுக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பரணிலிருந்து இறக்கும்போது விசைப் பக்கம் விரல் போகக்கூடாது, குழல் யார் பக்கமும் திரும்பக்கூடாது. குண்டு இல்லை என்று நம்பவே கூடாது. வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் பல வருஷத்து மருந்து குழலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். பழகிய ஆள் வந்து பார்க்கட்டும். மீதித் தோட்டாக்களைக் குப்பையிலோ அடுப்பிலோ போடாதீர்கள். அவற்றுக்கும் லைசென்ஸ் உண்டு, அவற்றையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும்.

லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வாங்குகிறவரின் பெயர், விலாசத்தோடு கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே விற்பனை. அவசரப்படுத்துகிறவனிடம் விற்காதீர்கள். முதல் கடைக்காரன் சொன்ன விலையிலும் நின்றுவிடாதீர்கள். இரண்டு மூன்று இடம் கேளுங்கள்.

மகனே வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் இடம் உண்டு. அவன் தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். 2016ஆம் வருஷ விதிகளின்படி லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி 25 வருஷம் அவரிடம் இருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கோரலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: மூன்று ஷிப்டு வேலை பார்க்கும் பையனுக்கு, குழந்தைகள் ஓடும் ஒற்றை அறை வீட்டில், துப்பாக்கி எதற்கு? விற்றுவிட்டால் கடனாவது அடையும்.

"எங்கள் சேரியில் எவன் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது? இது பெரிய மனிதர்கள் கவலை" என்று விவசாயத் தொழிலாளத் தோழர்கள் சொல்லலாம். நியாயமான கேள்வி. ஆயுதம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது நம் கவலை இல்லையென்றால் வேறு யார் கவலை? 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையில் வைத்துக் கொளுத்தியபோது, அதற்கு முன்னால் அந்தத் தெருவில் முழங்கியது துப்பாக்கி. அது கூலிக்காரன் வீட்டுத் துப்பாக்கியா?

இந்தச் சட்டத்தின் வம்சாவளியே அப்படி. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தில் இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளையனுக்கு வேண்டாம். குடகில் 1861இலேயே வெள்ளையர் கொடுத்த விலக்கு, சுதந்திரத்துக்குப் பிறகும் குடகர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் தொடர்ந்தது. 2021இல் கர்நாடக ஹைகோர்ட்டும் அதை ஏற்றது. 2019இல் மத்திய சர்க்கார் ஒரு ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்ற வரம்பை ஒன்றாகக் குறைக்க மசோதா கொண்டுவந்தது. பரம்பரை ஆயுதம், குலப் பெருமை என்று பார்லிமெண்டில் ஆட்சேபம் எழுந்தது; ஒன்று இரண்டாயிற்று. வாரிசாக வந்தாலும் இரண்டுக்கு மேல் கூடாது என்றும், மிச்சத்தை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும் சட்டம் எழுதியாயிற்று. இது நல்லதுதான். அரண்மனைச் சுவரில் வரிசையாக மாட்டிய துப்பாக்கிகளுக்குச் சொல்லிக் கொடுக்க வக்கீல் இருக்கிறார். சுடவே முடியாத பழம்பொருளாயின் அவை பல விஷயங்களில் சட்டத்துக்கு வெளியே என்ற 45ஆம் பிரிவையும் அவரே எடுத்துக் காட்டுவார். காவலாளியின் மனைவிக்கு யார் எடுத்துச் சொல்வது?

அவள் ஸ்டேஷனுக்கு ஒரு நாள், தாலூகா ஆபீசுக்கு மூன்று நாள், கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும். நடக்கிற ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி இல்லாத நாள். பயம் மட்டுமல்ல, இந்த அலைச்சலும்தான் அவளைத் தரகனிடம் தள்ளுகிறது.

ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் என்ற ஊரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த நாட்டுச் சர்க்கார் சட்டத்தை இறுக்கியதோடு நிற்கவில்லை. தடை செய்த துப்பாக்கிகளுக்கு விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆறு லட்சத்துக்கும் மேல் வந்து சேர்ந்தன. இங்கே மலைக் கிராமங்களில் "நாட்டுத் துப்பாக்கியை ஒப்படையுங்கள், வழக்கு இல்லை" என்று போலீஸ் அவ்வப்போது தண்டோரா போடுகிறது. அதை ஏன் எல்லாத் தாலூகாவிலும் செய்யக்கூடாது? இறப்புச் சான்று கொடுக்கும்போதே, இறந்தவர் பெயரில் துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால், ஆபீசே வீட்டுக்குத் தகவல் அனுப்பட்டும். ஒப்படைக்க வருகிறவளுக்கு ஒரே இடத்தில், ஒரே நாளில் காரியம் முடியட்டும். நியாய விலை கொடுத்துச் சர்க்காரே வாங்கிக்கொள்ளட்டும்.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. காவலுக்குத் துப்பாக்கி வேண்டுமானால் உங்கள் பெயரில் லைசென்ஸ் எடுங்கள், உங்கள் பணத்தில் வாங்குங்கள், உங்கள் இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். அதுவரை, காவலாளி இறந்தால் அவர் துப்பாக்கியை ஒப்படைத்து விற்றுக் கொடுக்கும் செலவும் அலைச்சலும் உங்களுடையது. பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்துக் காவல் தொழிலாளர்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில், போனசுக்கு அடுத்த வரியில், இதையும் எழுதட்டும்.