அகவிலைப்படியும் லிஸ்ப் மொழியும்

"குளோபல் வேரியபிளே கூடாது" என்று கணினி படிக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பேரனிடம் லிஸ்ப் மொழி கொஞ்சம் கற்றுக்கொண்ட தைரியத்தில் எழுதுகிறேன்.

அகவிலைப்படி விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருமப்பட்டியிலும் சென்னையிலும் அரசு ஊழியருக்கு ஒரே விகிதம்தான். எழுத்தர் ஒவ்வொருவரும் தன் மேசையில் தனித்தனி விகிதம் வைத்துக்கொண்டால் சம்பளப் பட்டியல் என்ன ஆகும்? எல்லோரும் பார்க்கலாம், மாற்றுகிற கை மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். காமன் லிஸ்பில் இப்படிப்பட்ட பொதுப்பெயருக்கு இருபுறமும் நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். கை வைக்குமுன் யோசிக்கச் சொல்லும் அடையாளம் அது.

பெயர் மோதல் வேறு விஷயம். வெறும் 125 என்றால் எந்தக் கோப்பு? ந.க.எண் 125/அ2/1994 என்றால் அ2 இருக்கைக்காரர் எடுத்துத் தந்துவிடுவார். நான் பிரெஞ்சு வழியில் படித்த பள்ளியில் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவோம். நம் இனிஷியல் மாதிரிதான். ஈமேக்ஸ் லிஸ்பில் எல்லாப் பெயருக்கும் ஒரே பதிவேடு. அதனால் ஒவ்வொரு நிரலும் தன் பெயர்களுக்கு ஒரு முன்னொட்டு சேர்த்துக்கொள்கிறது. காமன் லிஸ்பில் 'பேக்கேஜ்' என்று தனி அலமாரியே உண்டு. ஆனால் பூட்டு இல்லை. இரட்டை முக்காற்புள்ளி போட்டால் உள்ளே இருப்பதையும் எடுக்கலாம்.

எனக்குப் பிடித்தது 'லெட்'. அதிகாரி விடுப்பில் போனால் இன்னொருவர் பொறுப்பு பார்ப்பாரே, அதுபோல பொதுமாறிக்கு ஒரு தற்காலிக மதிப்பு. அந்த வேலை முடிந்தாலும், பிழையால் பாதியில் வெளியேறினாலும், பழைய மதிப்பு தானாகத் திரும்பிவிடும். பொறுப்பு பார்க்க வந்தவர் நாற்காலியை விடாத கதைகளைப் பார்த்தவனுக்கு இது அதிசயம்தான்.