பட்டியலில் இல்லாத மாவட்டம்



வெளிமாநிலத்தில் பயிலும் நமக்கு விண்ணப்பப் படிவங்கள் புதியன அல்ல. உதவித்தொகைக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் மாநிலம், மாவட்டம் எனப் பட்டியல்கள் விரிகின்றன. மயிலாடுதுறையிலிருந்து வந்த மாணவன் தன் மாவட்டத்தை அதில் காணாவிடின் என் செய்வான்? நாகப்பட்டினம் என்று குறிப்பிடுவான். பின்னர்ச் சான்றிதழில் ஒரு மாவட்டம், விண்ணப்பத்தில் வேறொரு மாவட்டம் என்று அவனுக்கே இடர் விளையும்.

தமிழ்நாட்டில் 2018-இல் 32 மாவட்டங்கள் இருந்தன. 2019-இல் ஐந்தும், 2020-இல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆயின. மாவட்டப் பெயர்களை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால், அவை எழுதிய நாளோடு உறைந்துவிடும். அவை இருக்கவேண்டிய இடம் தரவுத்தளம்.

“படிவம் திறக்கும்போதெல்லாம் தரவுத்தளத்தைக் கேட்டால் வேகம் குறையாதோ?” என்பர் சிலர். நாட்டின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களையும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களையும் ஒருங்கே அள்ளிவந்தால் குறையத்தான் செய்யும். அவ்வாறு அள்ளச் சொன்னவர் யார்? மாநிலங்களை மட்டும் முதலில் காட்டுக. ஒன்றைத் தேர்ந்தபின் அதற்குரிய மாவட்டங்களை மட்டும் கேட்டுப் பெறுக. குறியீடு, பெயர் என்னும் இரண்டு பத்திகளே போதும். மற்றவை வீண் சுமை. மாநிலக் குறியீட்டுக்கு இண்டெக்ஸ் இட்டால் தேடல் விரையும். அரிதாக மாறும் பட்டியலைச் சர்வரின் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மாற்றம் நேர்ந்தபோது மட்டும் புதுப்பிக்கலாம். கிராமத்துக்கோ நீண்ட பட்டியலே வேண்டா. மூன்றெழுத்துத் தட்டியதும் பொருந்தும் இருபது பெயர்களைக் காட்டினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. சேமிக்க வேண்டியது பெயரன்று, குறியீடே. பெயரின் எழுத்து மாறினும் குறியீடு மாறாது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் ‘லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரி’ மாநிலம் முதல் கிராமம் வரை குறியீடு தந்திருக்கிறது. அதனைக் கையாளாமல் ஆளுக்கொரு பட்டியல் தட்டச்சு செய்வது ஏன்? வேகத்தைக் காரணம் காட்டுவது சோம்பலுக்குச் சூட்டிய பெயரேயன்றி வேறில்லை.

நம்முள் கணிப்பொறி பயில்வோர் பலர். நாளை நாட்டின் படிவங்களை எழுதப்போகிறவர்களும் நீங்களே. இவ்வாண்டு பயிற்சிக்காக ஒரு படிவம் எழுதினாலும், பட்டியலைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து நிரப்புங்கள். எழுதி முடித்ததும் புதிதாகப் பிறந்த ஆறு மாவட்டங்களையும் அதில் தேடிப் பாருங்கள். ஆறும் கிடைத்தால்தான் உங்கள் வேலை முடிந்தது.