பில் இல்லை... புகை உண்டு!



ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுகிறது. 'அணைத்துவிட்டு வா' என்று அம்மா சொன்னால், 'கரன்ட் இலவசம்தானே!' என்று பதில் சொல்லும் வாண்டுகள் உங்களில் எத்தனை பேர்?

வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற திட்டம் 2016ல் தமிழகத்தில் வந்தது. எளிய குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் குட்டீஸ், இலவசம் என்பது பில்லுக்கு மட்டும்தான், புகைக்கு இல்லை!

எப்படி என்கிறீர்களா? தர்மபுரி மாவட்டம் இண்டூரில் ஒரு வீட்டில் சுவிட்ச் போடுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அடுத்த மாவட்டமான சேலத்தில்தான் மேட்டூர் அனல் மின் நிலையம் இருக்கிறது. ஒடிசாவிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் வரும் நிலக்கரியை அங்கே எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். காற்றாலை, அணை, சூரிய ஒளி மின்சாரமும் இதோடு கலந்துதான் வீடுகளுக்கு வருகிறது. நிலக்கரியில் ஒரு யூனிட் தயாரித்தால், ஏறத்தாழ 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேரும். பூமியைச் சூடாக்கும் வாயு அது. கேழ்வரகும் மாவும் விளையும் தர்மபுரி மாவட்டமோ மழையை நம்பி வாழும் மண். வெயில் கூடினால் முதலில் தவிப்பது இப்படிப்பட்ட ஊர்கள்தான்.

கடையில் நாம் எதை வாங்குகிறோம் என்பதும் இந்தப் புகையைக் கூட்டும், குறைக்கும். 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட் ஆகும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. ஊரில் 100 வீடுகளில் ஒரு பல்பை மாற்றினாலே, மாதம் 750 யூனிட்டுக்கு மேல் மிச்சம்!

'எல்.இ.டி. விலை அதிகமாச்சே' என்றுதான் ஒரு காலத்தில் எல்லாரும் தயங்கினார்கள். 2014ல் மத்திய அரசு நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. 2015ல் உஜாலா திட்டம் தொடங்கி, கோடிக்கணக்கில் வாங்க ஆரம்பித்ததும், 2016லேயே அது 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. பலர் சேர்ந்து வாங்கினால் விலையும் இறங்கும். பிறகு ஏழை வீட்டுக்கும் அது எட்டும்.

இப்போது ஃபேனின் முறை. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற புதுவகை ஃபேனுக்கு 30 வாட் அளவே போதும். விலை கொஞ்சம் கூடுதல்தான். அதற்காக, நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றச் சொல்லி அப்பாவை நச்சரிக்காதீர்கள். அது பழுதாகி, புதிது வாங்கப் போகும்போது அட்டைப் பெட்டியில் எத்தனை நட்சத்திரம் என்று பாருங்கள். 2023 முதல் சீலிங் ஃபேனுக்கும் அந்த முத்திரை கட்டாயம்.

அதுவரை? ஆளில்லாத அறையில் எதுவும் ஓடக் கூடாது. இதற்குக் காசு வேண்டாம். ஒரு விரல் போதும். இந்த வாரம் முழுவதும் உங்கள் வீட்டுக்கு நீங்கள்தான் 'சுவிட்ச் காவலர்'. சரியா, செல்லங்களே?

அன்புடன்,
ஆசிரியர்