அம்மாவுக்கு வாட்ச் வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன். டீச்சர் திட்டுவது உங்களுக்குப் புதிதில்லையே.

கருவடிக்குப்பத்தில் தனியாக இருக்கும் என் பெரியக்காவுக்கு 81 வயது. மகன் பாரீசில். போன தீபாவளிக்கு ஒரு வாட்ச் அனுப்பினான். கீழே விழுந்தால் அதுவே கண்டுபிடித்து அவனைக் கூப்பிடுமாம். தை மாதம் ஒருநாள் விடியற்காலை 5 மணிக்கு அக்கா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். வாட்ச் கூடத்தில் சார்ஜில் இருந்தது. குளிக்கப் போகிறவர் கழற்றி வைக்காமல் என்ன செய்வார்? 7 மணிக்குப் பால்காரர் முனகல் கேட்டு எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிட, இரண்டு பேரும் கதவை உடைத்துத் தூக்கினார்கள். ஈரத் தரையில் இரண்டு மணி நேரம். இடுப்பெலும்பு முறிவு.

அக்கா மகனே, நீயும் இதைப் படிப்பாய். உன் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாட்ச் கையில் இருந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? இங்கே காலை 5 மணி என்றால் குளிர்காலத்தில் உனக்கு இரவு 12.30. நீ எழுந்து, பதறி, எனக்குப் போன் போட்டு, நான் முத்தியால்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து வரவேண்டும். எதிர்வீடு பதினைந்து அடி தூரம். அந்த வீட்டு நம்பர் உன் வாட்சில் இல்லை!

பிரான்சில் பெரியவர்கள் கழுத்தில் பட்டன் மாட்டியிருக்கிறார்கள் என்கிறாய். சரி. அங்கே மாதக் கட்டணம் கட்டினால், அழுத்தியதும் இரவானாலும் ஒரு மையத்தில் ஆள் பேசுவார். அவரும் பக்கத்தில் சாவி வைத்திருப்பவரைத்தானே அனுப்பப் பார்ப்பார்? நீ பட்டனை மட்டும் அனுப்பிவிட்டாய், சாவிக்காரரை மறந்துவிட்டாய்.

இன்னொன்று. மார்கழியிலேயே ஒருநாள் தலைசுற்றி உட்கார்ந்திருக்கிறார். கையில் வாட்ச் இருந்தது. கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால், "பாவம், பிள்ளை தூங்குவான்" என்கிறார். அக்கா மட்டுமில்லை. கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டியவர்களைக் கவனித்து 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. அழைப்புக் கருவி இருந்தும், தனியே விழுந்து எழ முடியாமல் கிடந்தவர்களில் 80 சதவீதம் பேர் அதை அழுத்தவே இல்லை.

ஆகவே, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். வயர் இல்லாத காலிங் பெல் ஒன்று, சில நூறு ரூபாய்தான். அதன் பட்டனைப் பாத்ரூம் சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒட்டினோம். விழுந்தவர் கை அவ்வளவுதான் எட்டும். மணி எதிர்வீட்டில். தினமும் குளித்து முடித்ததும் அக்கா வாக்கர் நுனியால் அதை ஒரு தட்டு தட்டவேண்டும். 7 மணி வரை சத்தம் வரவில்லையென்றால் தம்பியின் மனைவி சாவியோடு வந்துவிடுவார். பாத்ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இனி கிடையாது. அதற்குத்தான் அக்கா ரொம்ப முறைத்தார்.

கழுத்தில் துணிப்பையில் ஒரு பட்டன் போன். 2ஐ அழுத்திப் பிடித்தால் எதிர்வீடு, 3 நான், பாரீஸ் கடைசி. 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் செல்போன்களில் அவசர அழைப்பு வசதி இருக்கவேண்டும் என்பது அரசு விதி, தெரியுமா? பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிக்கவேண்டும். டச் போனில் ஆன்-ஆஃப் பட்டனை மூன்று முறை வேகமாக. 112க்குப் போகும். சில புது போன்களில் ஐந்து முறை, செட்டிங்கில் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் 14567 முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரைதான். ஆலோசனைக்கு நல்லது, ஆம்புலன்சுக்கு 108தான்.

"பக்கத்து வீட்டாரைத் தொந்தரவு செய்யலாமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். ஊருக்கு வரும்போது அந்த வீட்டுக்கு ஒரு சாக்லேட் பெட்டியாவது கொடுத்திருக்கிறாயா என்று கேட்டேன். பதில் இல்லை.

பெல்லை ஒட்டித் தந்தவன் என் பழைய ஐந்தாம் வகுப்பு மாணவன், இப்போது எலக்ட்ரீஷியன். கூலி வாங்கவில்லை. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்கிறான். வேண்டுவோர் இன்பாக்சில் சொல்லுங்கள். எதிர்வீட்டுக்காரர் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.