துணியில் ஏறிய வாடை

ஏற்காட்டிலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளை வார இறுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சனிக்கிழமை மலையேறி வந்து திங்கள் காலை இறங்கிப் போகும் இளைஞர்களில் சிலர், கதவை அடைத்துக்கொண்டு கஞ்சா புகைத்துவிட்டுச் செல்கின்றனர். கம்பளி, திரைச்சீலை, மெத்தை என எல்லாவற்றிலும் அந்த வாடை. சாம்பிராணி போட்டும் போகவில்லை. அந்த அறைத் துணிகளோடு ஒன்றாக மூட்டை கட்டி வைத்ததில் தம்முடைய தொழுகைத் துணியிலும் ஏறிவிட்டது என்று வருந்துகிறார். கடிதத்தின் இறுதியில், போகிற போக்கில் சொல்வதுபோல் இன்னொரு வரியும் இருக்கிறது: சேலத்தில் கல்லூரியில் படிக்கும் மகன் சென்ற வாரம் வந்தபோது அவனுடைய ஸ்வெட்டரிலும் அதே வாடை. அவனுடைய அத்தாவுக்குத் தெரியுமுன் அதை எப்படிப் போக்குவது என்று கேட்கிறார்.

முதலில் அறையைப் பார்ப்போம். மகனைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். கடைசி வரியில் இருப்பதால் அது சிறிய விஷயம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கஞ்சாவின் வாடை ஒன்றல்ல, இரண்டு. பச்சைச் செடிக்கும் உலர்ந்த பூவுக்கும் உரிய வாடை, டெர்பீன்கள் எனப்படும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்ப் பொருட்களால் வருவது. வேடிக்கை என்னவென்றால், இவற்றில் முக்கியமான இரண்டு, சேர்வராயன் மலைத் தோட்டங்களிலேயே விளைகின்றன. காரியோஃபிலீன் என்பது மரங்களில் படரும் மிளகில் இருக்கிறது. லிமோனீன் என்பது ஆரஞ்சுத் தோலில் இருக்கிறது. அப்படியானால் கஞ்சாவுக்கு மட்டும் அந்தக் குமட்டும் நெடி எங்கிருந்து வந்தது? 2021ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலாளர்கள் இதற்கு விடை கண்டனர். அதில் கந்தகம் கலந்த சில சேர்மங்கள் மிகச் சிறிய அளவில் உள்ளன. அந்தச் சிறிய அளவே மூக்கைத் துளைக்கப் போதுமானது.

இவையெல்லாம் காற்றோட்டம் கிடைத்தால் போய்விடும். போகாதது இரண்டாவது வாடை. எரிந்த பிசினிலிருந்து எழும் தார்த் துகள்கள் சுவரிலும், மின்விசிறி இறக்கையிலும், கம்பளி இழையிலும் மெல்லிய பசையாகப் படிந்துவிடுகின்றன. அந்தப் பசை இருக்கும்வரை, அறை சற்றுச் சூடானாலும் ஈரமானாலும் வாடை மீண்டும் கிளம்பும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மழை மாதங்களில் மூடுபனி அறைக்குள்ளேயே வந்து உட்காரும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. சேலத்தில் ஒரு நாள் வெயிலில் தீரக்கூடிய காரியம் அங்கே ஒரு வாரம் இழுப்பது இதனால்தான்.

சாம்பிராணியும் ஊதுபத்தியும் அத்தரும் இந்தப் பசையைத் தொடுவதில்லை. புகையின் மேல் இன்னொரு புகையைப் போடுகிறோம், அவ்வளவே. சிலர் கிண்ணத்தில் காப்பித் தூளை வைப்பார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாள் முதல் ஏற்காட்டாருக்குக் காப்பியின் மேல் நம்பிக்கை அதிகம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் காப்பி வாசம் மற்றதை மறைக்குமே தவிர, சுவரிலிருந்து எதையும் பிடுங்கி எடுக்காது. அடுப்புக்கரியைத் திறந்த தட்டில் வைப்பது அதைவிட மேல். அதுவும் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

செய்ய வேண்டியது இது. மூடுபனி விலகியிருக்கும் நடுப்பகலில் எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டையும் திறந்து, ஒரு மேசை மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்கும்படி சன்னலில் வையுங்கள். விசிறி உள்நோக்கி இருந்தால் வாடை அடுத்த அறைக்குப் போய்ச் சேரும். பிறகு வெதுவெதுப்பான நீரில் சலவைத் தூளைக் கரைத்து, சுவர், கதவு, விசிறி இறக்கை, விளக்கு மூடி எல்லாவற்றையும் துணியால் துடைத்தெடுங்கள். துடைக்காமல் மேலே வண்ணம் பூசினால் பழுப்புக் கறை சில மாதங்களில் மேலே கசிந்து வரும். மெத்தையிலும் விரிப்பிலும் சமையல் சோடாவைத் தூவி, ஓர் இரவு விட்டு, மறுநாள் தட்டி உதறுங்கள். பருத்தித் துணிகளைக் கொதிக்கக் காய்ச்சிய நீரில் சோப்புடனும் சிறிது சலவைச் சோடாவுடனும் ஊறவைத்துத் துவைக்கலாம். தொழுகைத் துணி பருத்தியானால் இதுவே போதும். கம்பளிக்கு மட்டும் சலவைச் சோடா ஆகாது. காரம் கம்பளி இழையைத் தின்றுவிடும். கம்பளியை இரண்டு நாள் காற்றில் தொங்கவிட்டு, மென்மையான சோப்பில் குளிர்ந்த நீரில் அலசி, கடைசி அலசலுக்கு ஒரு வாளி நீரில் அரைக் கோப்பை வினிகர் ஊற்றுங்கள். வினிகரும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு எழுந்து நுரையீரலைப் புண்ணாக்கும். துவைத்த துணியில் வாடை மிச்சமிருந்தால் இஸ்திரி போடாமல் மறுபடியும் துவையுங்கள்.

வேலை முடிந்ததா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஒரே வாடையில் தொடர்ந்து இருக்கும் மூக்கு சிறிது நேரத்தில் அதை அறிவிப்பதை நிறுத்திவிடுகிறது. வெளியிலிருந்து வரும் பக்கத்து வீட்டுப் பெண்மணியை அழைத்துக் கேளுங்கள்.

இன்னொரு செய்தி சன்னலை மூடியே வைக்கும் வீடுகளுக்கு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், காற்றோட்டமில்லாத அறையில் கஞ்சா புகைப்பவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த, புகைக்காதவர்களுக்கும் இலேசான மயக்கம் ஏற்பட்டது. சிலருடைய சிறுநீரிலும் அதன் தடயம் காணப்பட்டது. காற்றோட்டம் இருந்தபோது அப்படி நேரவில்லை. பயணிகள் அறைக்கும் உங்கள் படுக்கையறைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தடுப்பின் இடுக்குகளை இந்த மாதமே அடைத்துவிடுங்கள்.

வாடையைப் போக்குவதோடு அறையின் பொறுப்பு முடிந்துவிடவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, தம் வீட்டிலோ அறையிலோ இக்குற்றம் நடப்பதை அறிந்தே அனுமதிக்கும் உரிமையாளருக்கும், குற்றம் செய்தவருக்குரிய அதே தண்டனை உண்டு. "அறிந்தே" என்பதுதான் இங்கே முக்கியமான சொல். முதல் தடவை வாடை வந்தபோது உங்களுக்குத் தெரியாது என்று சொல்லலாம். ஐந்தாவது தடவையும் பேசாமல் துவைத்துக்கொண்டிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. வாடகை குறையும் என்று உங்கள் கணவர் அஞ்சுவது புரிகிறது. ஆயினும் அறைக்கதவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுவதும், வருபவரின் அடையாளச் சான்றைப் பதிவேட்டில் குறிப்பதும், மீறினால் அன்றே வெளியேற்றுவதும் குடும்பத்துக்குக் காப்பு. குடும்பத்தோடு வரும் பயணிகள் இதனாலேயே உங்களைத் தேடி வரவும் கூடும்.

மார்க்கத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். மது மட்டும்தானே பெயர் சொல்லித் தடுக்கப்பட்டது என்று வாதிடும் இளைஞர்களை நானும் பார்த்திருக்கிறேன். இந்த வாதம் புதிதன்று. 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ, இந்தச் செடியைப் பற்றி மட்டுமே ஒரு தனி நூல் எழுதி, அறிவை மயக்கும் காரணத்தால் அது விலக்கப்பட்டதே என்று நிறுவினார். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லி முடித்த கேள்வி இது. பச்சை வெங்காயமும் பூண்டும் தின்ற வாயோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று அண்ணலார் சொன்னது, பக்கத்தில் நிற்பவரின் மூக்கையும் எண்ணித்தான் என்பதையும் நினைவில் வைப்போம்.

இப்போது மகன். ஸ்வெட்டரில் வாடை இருந்ததாலேயே அவன் புகைத்தான் என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். புகைக்கும் நண்பர்களுடன் ஓர் அறையில் இருந்திருக்கலாம். பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவரிடமிருந்து வந்திருக்கலாம். உங்கள் வீட்டு மூட்டையிலிருந்தே ஏறியிருக்கலாம். ஆனால் கண் சிவப்பு, காரணமில்லாத பசி, கணக்குச் சொல்ல முடியாத செலவு, திடீரென்று அத்தரின் மேல் வந்த பிரியம் ஆகியவை சேர்ந்திருந்தால் யோசிக்க வேண்டும். பழகுபவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர் என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் சட்டவிரோதமான கஞ்சா, சரஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துவோர் 1 கோடியே 30 இலட்சம் பேர். அவர்கள் எல்லாரும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்.

ஆகவே, அத்தாவுக்குத் தெரியாமல் வாடையைப் போக்கும் வழியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், சகோதரி. நீங்கள் துவைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும், தாய் அறிந்தும் மறைக்கிறாள் என்பதை அவன் கற்றுக்கொள்வான். முதலில் நீங்கள் தனியே, பகலில், தம்பி தங்கைகள் இல்லாத நேரத்தில் அவனிடம் நேராகக் கேளுங்கள். அவன் ஒப்புக்கொண்டால், அத்தாவிடம் அவனே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். கணவரின் கோபத்துக்கு அஞ்சுகிறீர்கள் என்று கடிதம் காட்டுகிறது. அப்படியானால் அவர் மதிக்கும் ஒரு பெரியவரை, அவனுடைய மாமாவையோ பெரியத்தாவையோ, உடன் வைத்துக்கொள்ளுங்கள். அடித்துத் திருத்தலாம் என்று எண்ணுபவர்கள், பிள்ளை வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்ட பிறகுதான் வருந்துகிறார்கள்.

காவல் நிலையத்துக்கு அஞ்சி மருத்துவரிடம் போகாமல் இருக்க வேண்டாம். தானே முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற சிகிச்சை மையத்தில் சேர்ந்து, சிகிச்சையை முடிக்கும் அடிமைப்பட்டவருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்க அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு இடம் தருகிறது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழேதான் இருக்கிறது. 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலும் ஆலோசனை கேட்கலாம். இதற்கென்று தனி மாத்திரை எதுவும் இல்லை. பேசிப் பேசித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். விட்ட முதல் இரண்டு வாரங்களுக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் உணவில் வெறுப்பும் இருக்கும். அந்த நாட்களில் அவனை விடுதியில் தனியே விடாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டரை இதுவரை துவைக்கவில்லையென்றால், அவனிடம் பேசிய பிறகு, மேலே சொன்ன முறையில் அவனையே துவைக்கச் சொல்லுங்கள். கம்பளியானதால் சலவைச் சோடா வேண்டாம்.